சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது

ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும்போது காது களைத்துப்போவதற்குச் சத்தம் அதிகமாக இருப்பதுதான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், அது பாதிதான் சரி. நான் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் முதல் நாள் எல்லாமே பளிச்சென்று கேட்டது, வயலின் வில் கம்பியில் உரசுவதுகூடத் தெரிந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் எழுந்துபோய் அணைத்துவிடத் தோன்றும், அதுவும் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தபோதே. நம் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான ஒலிதான் மிகக் கூர்மையாகப் படும். 'ஸ' ஒலியின் சீறல் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே. அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கரை ஐந்து நிமிடம் கேட்க அருமையாக இருக்கும், மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கத்தான் முடியாது.

அப்புறம் அறை. வெறும் தரை, கண்ணாடி ஜன்னல் என்றால் அந்தக் கூர்மையான ஒலியெல்லாம் பட்டுத் திரும்பி மறுபடி காதுக்கே வரும். நான் தடிமனான கம்பளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, நேராகக் காதைப் பார்த்திருந்த ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன், உறுத்தல் பெருமளவு போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரை மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் இதைச் செய்து பாருங்கள். கேட்டு முடித்த பிறகும் காதில் ரீங்காரம் இருந்தால் மட்டும் உங்கள் கட்டுரை சொல்வதுதான் சரி, உடனே சத்தத்தைக் குறைக்க வேண்டும்.