60-க்குப் பிறகு வேலை செய்தால் சேமநிதி குறையாது

மலேசியாவில் இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதி பற்றி ஒரு அண்ணன் "60 வயதுக்கு மேல் சம்பளம் வாங்கினால் இபிஎஃப் பணத்துக்கும் வரி போட்டுவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். இல்லை அண்ணே, சேமநிதியிலிருந்து எடுக்கும் பணத்துக்கு வருமான வரியே கிடையாது. வரி சம்பளத்துக்குத்தான், அதுவும் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிற நம் ஆட்களுக்குக் கழிவெல்லாம் போக ஒரு காசு வராது.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முதுகொடிந்த என் அப்பா இதே பயத்தில் கிடைத்த காவல் வேலையை ஒரு வருடம் தள்ளிப்போட்டார், அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 60 தாண்டிய மலேசியக் குடிமகன் சம்பளத்தில் சேமநிதிப் பிடித்தம் கட்டாயமில்லை, ஆனால் முதலாளி குறைந்தது 4 விழுக்காடு கட்டியே ஆகவேண்டும், 2019-லிருந்து அதுதான் விதி. 1,700-க்கு 68 வெள்ளி. சின்னத் தொகைதான், ஆனாலும் அது நம்முடையது, சில முதலாளிகள் "உங்களுக்குத்தான் வயசாயிடுச்சே" என்று சொல்லிக் கட்டாமல் விடுகிறார்கள், கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், 55-லேயே மொத்தத்தையும் எடுத்துக் கல்யாணத்துக்கும் காருக்கும் கொட்டாதீர்கள். எடுக்காமல் விட்ட பணத்துக்கு 100 வயது வரை ஈவுத்தொகை உண்டு. 55-க்குப் பிறகு வேலை செய்து சேர்கிற சந்தா தனிக் கணக்கில் போகும், அதை 60-ல்தான் எடுக்க முடியும்.