ஒரு மூஞ்சிக்கு ஒன்பது சோப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் அலமாரியை ஒழிக்க உட்கார்ந்த வீட்டம்மா, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். ஷேவிங் சோப்பும் க்ரீமுமாக ஒன்பது. "ஏங்க, இருக்கறது ஒரு மூஞ்சி. அதுக்கு ஒம்பது சோப்பா?" நின்ற இடத்தில் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிரஷ்ஷில் நுரை கலக்கி, ஒற்றை பிளேடு ரேசரில் ஷேவ் செய்ய ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினைந்து வருடம் ஃபோம் டப்பாவும் நாலைந்து பிளேடு அடுக்கிய ரேசரும்தான். எந்த கம்பெனி என்பது வேண்டாம். தாடைக்குக் கீழே எப்போதும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாக, முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து ஒரே அரிப்பு. நான் முடி வெட்டும் சலூன்காரர்தான் ஒரு நாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி பிரஷ்ஷுக்கு வாங்க" என்றார்.

பழையபடி என்றால் எனக்கு அப்பாதான் ஞாபகம். கோவை வடவள்ளி வீட்டில், ஜன்னல் கம்பியில் செருகிய கையகலக் கண்ணாடி, எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர், பக்கத்தில் கிழித்து மடித்த தினசரித் துண்டு. ரேசரில் சேரும் நுரையைத் தண்ணீரில் அலச மாட்டார், அந்தப் பேப்பரில்தான் வழிப்பார். கடைசியில் பார்த்தால் தலையங்கத்துக்கு மேலே வரிவரியாக நுரை, அதில் கறுப்பும் வெள்ளையுமாக முடித்தூள். சோப்பு கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்ட். நனைத்த பிரஷ்ஷை அந்த வட்டக் கட்டியின் மேல் இருபது சுற்று சுற்றுவார், அப்புறம் கன்னத்தில். அரை நிமிடத்தில் கெட்டித் தயிர் மாதிரி நுரை நிற்கும். செவ்வாய், வெள்ளி ஷேவ் கிடையாது. மற்ற நாட்களில் தப்பாது.

அதனால் நானும் ஒரு ரேசர், ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு பிரஷ், அதே ரவுண்ட் என்று வாங்கிக்கொண்டு சென்னை மேடவாக்கம் ஃப்ளாட்டில் ஆரம்பித்தேன். நுரையே வரவில்லை. இருபது சுற்று இல்லை, எண்பது சுற்று சுற்றினாலும் சலவைத் தண்ணி மாதிரி சளசளவென்று கொஞ்சம் குமிழ் வரும், ரேசரை எடுப்பதற்குள் அதுவும் அடங்கிவிடும். கன்னத்தில் வெள்ளையாக ஒரு பிசுக்கு மட்டும் மிச்சம். சரி, சோப்பு மட்டம், அப்பா காலத்துத் தரம் இப்போது இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நம் ஆட்களுக்குப் பொருள் சரியில்லை என்று சொல்வது ரொம்பச் சுலபம், பழைய காலம் உசத்தி என்று சொல்வது அதைவிடச் சுலபம். இரண்டையும் ஒரே நாளில் செய்தேன்.

அடுத்த ஆறு மாதம் காசு கரைந்தது. ஓல்ட் ஸ்பைஸ் க்ரீம், வி-ஜான் க்ரீம், பாமாலிவ் க்ரீம் (கபில்தேவ் தூர்தர்ஷனில் வந்து 'பாமாலிவ் தா ஜவாப் நஹி' என்று சொன்னது என் வயசுக்காரர்களுக்கு இன்னும் காதில் இருக்கும்), அப்புறம் ஆன்லைனில் துருக்கிக்கார ஆர்கோ ஸ்டிக், அதற்கும் மேலே போய் இத்தாலிக்கார ப்ரொராசோ. க்ரீம்கள் ஓரளவு நுரைத்தன. ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுத்து வாங்கிய இத்தாலி டப்பாவும் கிட்டத்தட்ட ரவுண்ட் மாதிரியே காலை வாரியது. அன்றைக்குத்தான் லேசாகச் சந்தேகம் வந்தது, ஆனாலும் பிரஷ்ஷைத்தான் திட்டினேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ரவுண்டை பையில் போட்டுக்கொண்டு போனேன், அப்பாவிடம் காட்டிக் குறை சொல்வதற்காகவே. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பிரஷ்ஷை நனைத்து நாலு சுற்று சுற்றினார். நுரை பிரஷ்ஷிலிருந்து வழிந்து மணிக்கட்டு வரை வந்துவிட்டது. "சோப்பு அதேதான் கண்ணு. அங்க தண்ணி வேற."

சிறுவாணித் தண்ணீர். அதன் ருசியைப் பற்றி ஊரே பெருமை பேசும், நானும் பேசியிருக்கிறேன். அது நுரைக்கும் தண்ணீர் என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் கடின நீர், மென்னீர், தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான்.

விஷயம் இதுதான். எங்கள் ஃப்ளாட்டில் வரும் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கிறது. சோப்பு போட்டதும் அது முதலில் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காக மாற்றிவிடுகிறது. பக்கெட்டில் சாம்பல் நிற வளையம் படிகிறதே, அதே பொருள்தான். தண்ணீரில் உள்ள கால்சியம் வயிறு நிறையத் தின்றது போக மிச்சம் இருக்கும் சோப்புதான் நுரைக்கும். ஷேவிங் சோப்பில் இது கூடுதலாக உறைக்கிறது. குளிக்கும் சோப்பு காஸ்டிக் சோடாவில் செய்வது. ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேரும், அதனால்தான் பிரஷ் பட்டதும் இளகிக் கரைகிறது. கொழுப்பிலும் ஸ்டியரிக் அமிலம் நிறைய இருக்கும். தேங்காயெண்ணெய்ச் சோப்பு சட்டென்று பெரிய குமிழாக நுரைத்துச் சட்டென்று உடையும். ஸ்டியரிக் மெதுவாக வரும், வந்தால் சின்னக் குமிழாக, கெட்டியாக, பத்து நிமிடம் ஆனாலும் நிற்கும். அந்த ஸ்டியரிக்கைத்தான் கால்சியம் விடாமல் பிடிக்கிறது. கொதிக்க வைத்தால் தீருமா என்றால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் போகும். எங்கள் ஃப்ளாட்டில் கெட்டில் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஏடு கட்டுகிறது, அப்படியும் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.

சென்னை திரும்பிய மறுநாள் காலை, சமையலறை பபிள்டாப்பில் இருந்து ஒரு டம்ளர் கேன் தண்ணீர் பிடித்து, அதில் பிரஷ்ஷை நனைத்து, முகத்தையும் அதிலேயே ஈரமாக்கிக்கொண்டு அதே ரவுண்டைத் தேய்த்தேன். வடவள்ளி அளவுக்கு இல்லை, ஆனால் நுரை நின்றது. ஒரு ஷேவுக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும். மிச்சம் முகம் கழுவ, ரேசர் அலச எல்லாம் குழாய்த் தண்ணியே. இருபது லிட்டர் கேனில் அரை டம்ளர் பெரிய விஷயமா என்று கேட்டேன். பெரிய விஷயம்தான் என்று வீட்டில் தெரிவிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் ஒப்பிடுவதற்கே அர்த்தம் வந்தது. எல்லாவற்றையும் கேன் தண்ணீரிலேயே மறுபடி போட்டுப் பார்த்தேன். டியூபிலும் டப்பாவிலும் வாங்கிய தேதியைப் பால்பாயிண்டில் எழுதி வைத்தேன். வாரத்துக்கு நாலைந்து ஷேவ்.

ரவுண்ட் எனக்கு நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது, நாலு மாதம் வந்தது. ஒரு ஷேவுக்கு ஐம்பது காசு. வாசனை சாதாரணம், ஷேவ் முடிந்ததும் முகம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அதற்கு ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். நுரை மற்றவற்றைவிடச் சீக்கிரம் காயும், பேசிக்கொண்டே ஷேவ் செய்பவர்களுக்குச் சரிப்படாது. ஐம்பது காசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

க்ரீம்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டியூபில் முதலில் எழுதியிருப்பது தண்ணீர், அடுத்ததாக ஸ்டியரிக் அமிலம். அதாவது அதே சோப்பைத் தண்ணீர் விட்டு இளக்கியது. பட்டாணி அளவு பிரஷ்ஷில் வைத்தால் போதும், பழகாத கைக்கும் நுரை வரும், போர் தண்ணீரிலும் கட்டிச் சோப்பைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேன் தண்ணீருக்குச் சண்டை போட முடியாதவர்கள் நேராக க்ரீம் பக்கம் போய்விடலாம். ஓல்ட் ஸ்பைஸ் வாசனைக்காகவே ஒரு டியூப் எப்போதும் வைத்திருக்கிறேன், வி-ஜான் பெரிய டியூப் விலைக்கு நியாயம். எண்பது ரூபாய் டியூப் இரண்டரை மாதம், ஒரு ஷேவுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் கணக்கு. நம் ஆட்கள் பல்துலக்கும் பேஸ்ட் மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவார்கள், அப்படிச் செய்தால் இந்தக் கணக்கு வராது.

ஆர்கோதான் என்னைக் கவிழ்த்தது. எவ்யாப் என்ற துருக்கி கம்பெனி செய்வது, 75 கிராம் ஸ்டிக். ஈர முகத்தில் முடிக்கு எதிர்வாக்கில் நேராகத் தேய்த்துவிட்டு, மேலே நனைத்த பிரஷ்ஷைப் போட்டுச் சுற்றினால் முகத்திலேயே நுரை எழும்பும், கிண்ணமே வேண்டாம். வழுக்கல் அபாரம், பிளேடு ஓடிய இடத்தில் நுரை போன பிறகும் ஒரு வழவழப்பு மிச்சம் இருக்கும், மறுபடி ஒரு தடவை ஓட்டினாலும் கீறாது. வாசனை எலுமிச்சை மாதிரி, ஆனால் கொஞ்சம் முரட்டு எலுமிச்சை. தரை துடைக்கும் லிக்விட் மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் திருப்புகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் ஸ்டிக் அடியில் கொழகொழத்துப் போனதால், கேரட் துருவியில் துருவி ஒரு கிண்ணத்தில் அமுக்கி வைத்தேன். துருவி விஷயம் வெளியே தெரிந்து நடந்தவற்றை இங்கே எழுத வேண்டாம். இருநூறு ரூபாயை ஒட்டி வாங்கியது ஆறு மாதம் வந்தது. கணக்குப் போட்டால் க்ரீம் விலையேதான், ஒன்றே முக்கால் ரூபாய்.

ஆனால் ஒன்று. ஆர்கோவில் இருப்பது டாலோ, விலங்குக் கொழுப்பு. உறையில் பொட்டாசியம் டாலோவேட் என்று இருக்கும். அந்த வழவழப்புக்கு அதுதான் காரணம் என்று இதில் ஊறியவர்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எனக்குப் பிரச்சினை இல்லை, உங்கள் வீட்டில் இருக்கலாம், அதனால் வாங்கும்முன் உறையைப் படியுங்கள். கோத்ரெஜ்காரர்கள் விலங்குக் கொழுப்பு இல்லாமல் தாவர எண்ணெயிலேயே குளியல் சோப்பு செய்து விற்று நூறு வருடம் ஆகிறது, இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. ஸ்டியரிக் அமிலம் என்று மட்டும் போட்டிருந்தால் அது தாவரமா விலங்கா என்று அந்தப் பேரை வைத்துச் சொல்ல முடியாது, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். இத்தாலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பாமாயில் சோப்பு. ரேஷன் கடையில் லிட்டர் பாக்கெட்டில் வாங்கும் அதே பாமாயில், ஃப்ளாரன்ஸ் போய் யூகலிப்டஸும் மெந்தாலும் சேர்த்துக்கொண்டு ஆயிரம் ரூபாயாகத் திரும்பி வந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, சித்திரை வெயிலில் அந்தக் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிளேடு ஓட்டச் சொன்னால், ஆர்கோவைவிட இது ஐந்து மடங்கு உசத்தி என்று என்னால் சொல்ல முடியாது.

ஃபோம் டப்பா கணக்கையும் போட்டேன், வயிற்றெரிச்சலுக்காக. இருநூற்றுச் சொச்சம் ரூபாய், இரண்டு மாதம், ஒரு ஷேவுக்கு ஆறு ரூபாய்க்குப் பக்கம். உள்ளே பெரும்பங்கு தண்ணீர், அதைத் தள்ளி வெளியே கொண்டுவர கேஸ். முகத்தின் மேல் பஞ்சு மாதிரி உட்காருமே தவிர முடிக்குள் இறங்காது. பிரஷ் அந்த வேலையைச் செய்கிறது, முடியைத் தூக்கி நிறுத்தித் தண்ணீரை உள்ளே ஏற்றுகிறது. ஊறிய முடியை அறுப்பது காய்ந்த முடியை அறுப்பதைவிடச் சுலபம். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரும் நுரையும் முகத்தில் நிற்க வேண்டும், அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு எந்த ஊர் சோப்பும் உதவாது. எரிச்சல் இருந்தால் சலூனில் தேய்ப்பார்களே படிகாரக் கல், பத்து ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே புதிதாக ஆரம்பிக்கிறேன், எதை வாங்குவது என்று இன்பாக்ஸில் கேட்ட மூன்று பேருக்கும்: முதலில் உங்கள் குழாய்த் தண்ணீரில் குளிக்கும் சோப்பு எப்படி நுரைக்கிறது என்று பாருங்கள். நன்றாக நுரைத்தால் ரவுண்ட், இல்லையென்றால் க்ரீம், பிடித்துப்போனால் அடுத்து ஆர்கோ. இத்தாலி பக்கம் பிறந்தநாளுக்கு யாராவது வாங்கித் தந்தால் போங்கள்.

அந்த ஒன்பதில் நாலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஐந்து. என்னிடம் இருந்த ரவுண்ட் பைசா தடிமனுக்குத் தேய்ந்துவிட்டது, மேடவாக்கம், பள்ளிக்கரணை இரண்டு பக்கமும் ஏழெட்டுக் கடையில் கேட்டுப் பார்த்தேன், "அதெல்லாம் யாரு சார் இப்ப வாங்கறா" என்று ஃபோம் டப்பாவை எடுத்து நீட்டுகிறார்கள். உங்கள் ஏரியா மளிகைக் கடையில் எங்காவது பழைய ஸ்டாக் கண்ணில் பட்டால் கமெண்டில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் டேக் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.