சப்போர்ட் கேரக்டர்னா பச்சை லைட்தானா?

எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பசங்க சிலர் காலேஜ் ப்ராஜெக்டுக்காக ஐந்துக்கு ஐந்து மோதும் ஆன்லைன் கேம் ஒன்று செய்கிறார்கள். அதற்குப் புதுசாக ஒரு சப்போர்ட் கேரக்டர், அதாவது கூட்டாளிகளுக்கு உதவி செய்யும் ஆள், வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், கையில் கோல், கோல் நுனியில் பச்சை வெளிச்சம். பட்டனை அமுக்கினால் பக்கத்தில் நிற்பவனுக்கு உயிர் ஏறும். "எப்படிண்ணா இருக்கு?" என்றான் ஒருத்தன். படம் சூப்பர், கேரக்டர் சொத்தை என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆடத் தெரியாதவனைச் சப்போர்ட்டில் போடு என்கிற நினைப்பு எல்லா கேமிலும் இருக்கிறது. இதே மாதிரி ஐந்துக்கு ஐந்து கேமான டோட்டா 2 ஆடியவர்களுக்குத் தெரியும், கிரீப் என்கிற சிப்பாய்களைக் கடைசி அடி அடித்து வீழ்த்துபவனுக்குத்தான் காசு. சப்போர்ட் அந்த அடியைத் தெரிந்தே கேரிக்கு, அதாவது காசு சேர்த்துப் பலமாகி அணியை ஜெயிக்க வைக்க வேண்டியவனுக்கு, விட்டுக்கொடுக்கிறான். எதிரி வரும் வழி பார்த்து வார்டு என்கிற காவல் கண்ணை வைப்பதும் பெரும்பாலும் அவன்தான். பொருள் தூக்கி வரும் கூரியரைக்கூட அவன் காசில் வாங்கிய காலம் உண்டு; 2019 கடைசியில்தான் ஆளுக்கொன்று இலவசம் என்று ஆக்கினார்கள். இவ்வளவு கணக்குப் போடுகிறவனுக்கு ஒரு பச்சை பட்டனைக் கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்?

உயிர் ஏற்றுவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனிகளே சாட்சி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் 2019-ல் யூமி என்று ஒரு பூனை வந்தது. தோழன் மேல் ஒட்டிக்கொண்டால் அதை யாராலும் அடிக்க முடியாது. எதிரே ஆடுகிறவனுக்கு எரிச்சலோ எரிச்சல். 2023-ல் அதைப் பிரித்து மேய்ந்து மாற்றிக் கட்டினார்கள். ஓவர்வாட்ச் கேமில் உயிர் ஏற்றும் மெர்சி என்ற கேரக்டரின் கதை இன்னும் மோசம். கூட்டாளிகள் மொத்தமாகச் சாகும்வரை மூலையில் ஒளிந்திருந்து, எல்லாரையும் ஒரே அமுக்கில் எழுப்புவதுதான் லாபம் என்று ஆகிவிட்டது. காப்பாற்ற வந்தவளே எப்போது சாவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். 2017-ல் அந்த மொத்தமாக எழுப்பும் வசதியைத் தூக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது லீகில் திரெஷ் என்ற சப்போர்ட் கையில் இருக்கும் லாந்தர். அவன் அதை வீசுவான், ஆபத்தில் இருப்பவன் அதை அமுக்கினால்தான் திரெஷ் பக்கம் இழுக்கப்படுவான். அமுக்காமல் செத்துவிட்டு நம்மைத் திட்டுகிறவர்களும் உண்டு, அது வேறு. உதவியில் பாதி கொடுப்பவன் கையில், பாதி வாங்குபவன் கையில். அங்கேதான் ஆட்டம் இருக்கிறது.

கேரம் டபுள்ஸை நினைத்துப் பாருங்கள். பார்ட்னர் எதிரே உட்கார்ந்திருப்பான். என் பக்கத்துப் பாக்கெட் ஓரம் கிடக்கும் காயினை நான் போடுவது கஷ்டம், அவனுக்கு அது நேர் அடி. அதனால் நல்ல பார்ட்னர் எல்லாவற்றையும் தானே போடப் பார்க்க மாட்டான். ஒரு காயினை அவனுக்கு வாகாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவான். போட்டிகளில் பார்ட்னருக்கு வாயைத் திறந்து யோசனை சொல்லக்கூடாது, போர்டைப் பார்த்தே புரிந்துகொள்ளணும். மைக்கை அணைத்துவிட்டு ஆடும் முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? நம்ம செரியன் நகர் காசிமா 2024 கேரம் உலகக் கோப்பையில் தனியாக மட்டுமா ஜெயித்தார், டபுள்ஸிலும் தங்கம்.

சரி, பச்சை லைட்டுக்குப் பதிலாக நான் சொல்லும் கேரக்டருக்கு வருகிறேன். முதல் ஸ்கில், எதிரியைக் கொஞ்ச தூரம் தள்ளும். அடி ரொம்பக் குறைவு. ஆனால் மூன்று நொடிக்குள் கூட்டாளி எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் அந்த அடி இரட்டிப்பாக விழும், காசு இருவருக்கும் பாதிப் பாதி. எதிரி இருவருக்கும் நடுவில் இருக்கணும் என்பதுதான் கண்டிஷன். எதிரிக்கும் தப்ப வழி உண்டு: பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

அல்டிமேட், அதாவது அவனுடைய பெரிய ஸ்கில், என்னவென்றால் கேரமின் ரெட்டும் ஃபாலோவும். ரெட்டைப் போட்டுவிட்டு அடுத்த அடியில் ஃபாலோ போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவில் வந்துவிடும், இல்லையா? அதே மாதிரி, சாகப்போகும் கூட்டாளியைப் பிடித்து நிறுத்தலாம். ஆறு நொடிக்குள் அவன் ஒரு எதிரியை வீழ்த்தவோ வீழ்த்த உதவவோ வேண்டும். செய்தால் உயிர் அவனுக்கே. இல்லாவிட்டால் அங்கேயே விழுவான். செத்தவனை இது எழுப்பாது, அதனால் மெர்சி மாதிரி ஒளிந்திருந்து லாபம் பார்க்க முடியாது.

இதற்கு லுங்கியும் கத்தியும் கொடுத்து நம்ம ஏரியா கேரக்டர் ஆக்கலாம் என்று ஒருத்தன் துடிக்கிறான். வேண்டாம்டா, அதைச் சினிமாக்காரர்களே போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டார்கள்.

கூட்டாளி கவனிக்காமல் போனால் சப்போர்ட் வீண்தானே என்று கேட்கிறார்கள். நியாயம்தான். அதற்காக, தள்ளப்பட்ட எதிரியின் காலடியில் ஒரு சிவப்பு வட்டம் அணியில் எல்லாருக்கும் தெரியட்டும், வாய்ஸ் சாட் தேவைப்படாது. ஆறு நொடியைப் பத்தாக்கச் சொல்லியும் நச்சரிக்கிறார்கள். பத்து கொடுத்தால் எவனும் சண்டைக்கே அவசரப்பட மாட்டான், ஒதுங்கி நின்று சுலபமான இரை வரும்வரை காத்திருப்பான். சனிக்கிழமை கேமின் புது வெர்ஷன் வரும்போது ஆறிலேயே ஆடிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.