போடியார் வீட்டுக் கதிரை

'சிறுத்தை' (The Leopard) என்ற இத்தாலிய நாவலை இரண்டாவது தடவையாக வாசித்து முடித்தேன். எழுதிய லம்பெடூசாவே சிசிலியின் ஓர் இளவரசர்தான். இரண்டு பெரிய பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. 1957 இல் அவர் இறந்துபோக, அடுத்த வருடம் நாவல் வந்தது. வந்ததும் சண்டை. இடதுசாரிகள் பலர் பிற்போக்கு என்றார்கள். 1964 இல் பலர்மோ கர்தினால் ருஃபினி, சிசிலியின் பெயரைக் கெடுத்தவை என்று மாஃபியாவோடு இதையும் சேர்த்தார். (நாவலுக்கு இதைவிடப் பெரிய பரிசு ஏது!)

கதை 1860 இல் தொடங்குகிறது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி சிசிலியில் வந்து இறங்குகிறார். கதைநாயகரான சலினா இளவரசர் தன் காலம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இடதுசாரிகள் சொன்னதில் பாதி சரி. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரன். அப்பப்பா ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்காரரிடம், வயலைப் பார்க்கும் முல்லைக்காரனாக இருந்தவர். வட்டையை (வயல்வெளியை) காத்து, சூடடித்து, களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) போடியாருக்கு அளந்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்தவர். அதனால் நாவலில் வயலில் நிற்பவனைத்தான் தேடினேன். காணி இருக்கிறது, வருமானக் கணக்கு இருக்கிறது, அவனுக்கு வாய் இல்லை.

ஆனால் புதிய இத்தாலிய அரசோடு சேர்வதா என்று நாவலில் நடக்கும் அந்த வாக்கெடுப்பை என்ன செய்வது? இளவரசரோடு வேட்டைக்குப் போகும் சீச்சோ, கோயிலில் ஓர்கன் வாசிக்கும் ஏழை, 'இல்லை' என்று வாக்குப் போடுகிறான். புதுப் பணக்காரரான மேயர் செதாரா முடிவை வாசிக்கிறார்: வாக்களித்தோர் 512, 'ஆம்' 512, 'இல்லை' பூச்சியம். சீச்சோவின் ஒற்றை வாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. மாற்றமே கூடாது என்கிற ஆள் இந்த இடத்தை எழுதியிருக்க மாட்டார். மாற்றத்தை யார் களவெடுத்தார்கள் என்று பார்த்தவர்தான் எழுதியிருப்பார்.

நாவல் வந்த அதே 1958 இல்தான் இங்கே இலங்கையில் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தனவின் நெற்காணிச் சட்டமும் வந்தது. குத்தகைக்குச் செய்தவனை இனி காணியிலிருந்து எழுப்ப முடியாது என்றது சட்டம். நாட்டில் பல இடங்களில் சட்டத்துக்கு முந்திக்கொண்டு அவனை எழுப்பினார்கள், அல்லது கூலியாள் என்று எழுதிக்கொண்டார்கள். செதாராக்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

சரி, எங்கள் போடியாரும் போனார், காணியும் துண்டு துண்டாகப் போனது. வீட்டுச் சாமான்களை விற்றபோது அவருடைய சாய்மனைக் கதிரையை அப்பா வாங்கிவந்து விறாந்தையில் போட்டார். அப்பப்பா சாகும்வரை அதற்குப் பக்கத்தில் நிலத்தில்தான் இருந்தார்.