மாதிரி அப்படிச் சொல்லவில்லை
"சாலையை அகலப்படுத்தினால் 20 ஆண்டுக்கு நெரிசலே வராது, கணினி மாதிரியே நிரூபித்துவிட்டது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இல்லைங்க, போக்குவரத்தைக் கணிக்கும் கணினி மாதிரி (model) எதையும் நிரூபிக்காது. இங்கே இவ்வளவு வீடு, அங்கே இவ்வளவு வேலை என்று நாம் கொடுத்தால், வண்டிகள் எப்படிப் பிரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும், அவ்வளவுதான்.

வழக்கமான நான்கு படி மாதிரியில் எத்தனை பயணம், எங்கிருந்து எங்கே, எந்த வாகனத்தில், எந்தப் பாதையில் என்று வரிசையாகப் போவார்கள். ஆனால் வீடும் வேலையும் எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து தரும் எண். சாலை அகலமானதும் ஊர் எல்லையில் மனை விலை ஏறி, அங்கே குடியிருப்புகள் முளைத்து, அந்த ஆட்களே காலையில் அதே சாலையில் வந்து நிற்பதை அது எப்படிப் பார்க்கும்?

எங்கே வீடு, எங்கே வேலை என்ற நிலப் பயன்பாட்டைக் கணக்கில் சேர்ப்பது புதிதும் இல்லை, 1964இலேயே ஐரா லவுரி என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பிட்ஸ்பர்க் நகருக்கு வேலையிடங்களை வைத்துக் குடியிருப்பு எங்கே அமையும் என்று கணித்தார். சரி, நீங்கள் சொல்லும் கணக்கில், அகலப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் ஒரே மக்கள்தொகை எண்ணைத்தான் போட்டிருக்கிறார்களா? முதலில் அதைப் பாருங்கள்.