லியான் பிரிட்ஜஸின் முதல் ஆல்பத்தில் விமர்சகர்கள் கேட்காமல் விட்டவை

சோல் என்ற, தேவாலயப் பாடல் மரபிலிருந்து வளர்ந்த கறுப்பினத்தவரின் இசையைப் பாடும் அமெரிக்கப் பாடகர் லியான் பிரிட்ஜஸின் முதல் ஆல்பமான 'கமிங் ஹோம்'-ஐ இந்த வாரம் முழுவதும் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். 2015 ஜூன் 23 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட, பத்தே பாடல்கள் கொண்ட சிறிய ஆல்பம் அது. வந்தவுடனே அமெரிக்காவின் முன்னணி ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 6ஆம் இடத்தைப் பிடித்தது. சிறந்த ஆர் அண்டு பி ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. ஆகவே அது புறக்கணிக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. புகழ்ந்தவர்களில் பலரும் குறை சொன்னவர்களில் பலரும் ஒரே கேள்வியைச் சுற்றியே எழுதினார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். இவர் சோல் இசையின் முன்னோடியான சாம் குக்கைப் போலப் பாடுகிறார், அது தகுமா தகாதா என்பதே அந்தக் கேள்வி. பாடல்கள் எப்படி இருக்கின்றன என்பதற்கு மிச்சமிருந்த இடம் குறைவு.

அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே சிறிய மேடைகளில் பாடிவந்த இளைஞரை, வைட் டெனிம் என்ற ராக் குழுவைச் சேர்ந்த ஆஸ்டின் ஜென்கின்ஸும் ஜோஷுவா பிளாக்கும் அழைத்துச் சென்று, பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேடிச் சேர்த்து, வாத்தியக்காரர்கள் எல்லாரையும் ஒரே அறையில் ஒன்றாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். இடுப்புக்கு மேலே ஏற்றிக் கட்டிய கால்சட்டை, கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று தோற்றமும் 1960களின் தொடக்கத்தையே காட்டியது. நகல், வேடம் என்று சிலர் எழுதியதற்கு இவை எல்லாம் வழி செய்தன.

ஆனால் அதே விமர்சன உலகம், பழைய பாணியிலேயே சோல் பாடிய ஷேரன் ஜோன்ஸையும் சார்லஸ் பிராட்லியையும் எப்படி வரவேற்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2002இல் டேப்-கிங்ஸ் குழுவோடு முதல் ஆல்பம் வந்தபோது ஜோன்ஸுக்கு 46 வயது; அதற்கு முன் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். பிராட்லியின் முதல் ஆல்பம் 2011இல் வந்தது. அப்போது அவருக்கு 62 வயது. அவர் பல ஆண்டுகள் சோல் நட்சத்திரம் ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டு மேடையேறிப் பிழைத்தவர். வேடம் என்ற சொல் யாருக்காவது நேராகப் பொருந்துமானால் அது பிராட்லிக்குத்தான் பொருந்தும். ஆயினும் அவர் பட்ட பாடு அவருடைய குரலுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இருவரையும் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 25 வயதில் வந்த பிரிட்ஜஸிடம் காட்டுவதற்கு அப்படிப்பட்ட தழும்புகள் இல்லை என்பதால், அவருடைய சோல் இசை கடன் வாங்கியது என்று ஆகிவிடுமா? சோல் இசையைக் கட்டி எழுப்பியவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள் அல்லவா?

இன்னொரு குறை, ஆல்பத்தில் அரசியல் இல்லை என்பது. கறுப்பினத்தவரின் நிலையை நேராகப் பேசிய இரண்டு ஆல்பங்கள் அதற்குச் சற்று முன்புதான் வந்திருந்தன. ஆர் அண்டு பி பாடகர் டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசாயா' 2014 டிசம்பரில் வந்திருந்தது. ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' 2015 மார்ச்சில் வந்தது. பிரிட்ஜஸின் ஆல்பம் வருவதற்கு ஆறே நாள் முன்பு சார்ல்ஸ்டன் நகரத்துத் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வாரத்தில் காதலியிடம் மன்னிப்புக் கேட்கும் மென்மையான பாட்டு காதில் விழுந்தால் ஒருவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அளவுகோலாக நிறுத்தப்பட்ட சாம் குக்கே 1957இல் 'யூ செண்ட் மீ' என்ற காதல் பாட்டோடுதான் பெரும்புகழ் பெற்றார்; கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தைப் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' வெளிவந்தது 1964இல். ஏழு ஆண்டுகள் கழித்து அவர் எட்டிய இடத்தை, அவரோடு ஒப்பிடப்பட்ட இளைஞர் முதல் ஆல்பத்திலேயே எட்டியிருக்க வேண்டும் என்று கேட்டது நியாயமாக எனக்குப் படவில்லை.

மேலும், வரலாறு அந்த ஆல்பத்திலேயே இருக்கிறது. 'லீசா சாயர்' என்ற பாட்டு பிரிட்ஜஸின் தாயைப் பற்றியது. 1963 வாக்கில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் நிறம், கூந்தல், வீடு, விசுவாசம் ஆகியவற்றை மகன் சாக்சபோனின் நிழலில் அவசரமில்லாமல் சொல்லிப் போகிறார். இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறுவதற்கு ஓராண்டு முன்பு தென்மாநிலம் ஒன்றில் பிறந்த பெண்ணுக்கு, அவள் பெயரையே தலைப்பாக்கி மகன் பாடும் பாட்டை வெறும் பழம்பாணி என்று எப்படித் தள்ள முடிகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இந்தப் பாட்டை எழுதிய பிறகுதான், இதற்கு சாம் குக்கின் தாக்கமா என்று ஒருவர் கேட்டார் என்றும், அதுவரை குக்கைத் தான் சரியாகக் கேட்டதில்லை என்றும் பிரிட்ஜஸே சொல்லியிருக்கிறார். பாட்டு முதலில் வந்தது, ஒப்பீடு அதன் பிறகு வந்தது.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. நடுவில் வரும் சில காதல் பாடல்களின் வரிகள் மெலிந்தவை. 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' முடிந்ததும் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. பதிவின் அழகுணர்ச்சி சில இடங்களில் குரலை மீறி நிற்கிறது. சாம் குக் 1963இல் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் தொண்டை கிழியப் பாடிய கச்சேரி அவர் வாழ்நாளில் வெளிவரவே இல்லை, 1985இல்தான் வந்தது. வழவழப்பான குக், முரடான குக் என்று இரண்டு குக்குகள் இருந்தார்கள். பிரிட்ஜஸின் தயாரிப்பாளர்கள் முதலாமவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் விமர்சனம் கேட்டிருக்க வேண்டும். இந்தக் குரல் எங்கேயாவது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது எழுதியிருந்தால், அவர்களோடு நான் முழுமனத்தோடு உடன்பட்டிருப்பேன்.

கடைசிப் பாட்டான 'ரிவர்' அந்தக் கேள்விக்குப் பாதி விடை தருகிறது. பித்தளை வாத்தியங்களின் பளபளப்பு விலகிப்போக, ஒரு கித்தார், ஒரு டாம்பரின், தேவாலயத்தை நினைவூட்டும் பின்னணிக் குரல்கள் ஆகியவை மட்டும் மிஞ்சுகின்றன. நதியில் மூழ்கி எழுந்து தூய்மையாக வேண்டும் என்று ஒருவன் இறைஞ்சுகிறான். 2016இல் இதற்கு வந்த காணொளி பால்டிமோர் நகரத்துக் கறுப்பின மக்களின் வாழ்வை எடுத்துக் காட்டி, கிராமி பரிந்துரையும் பெற்றது. அரசியல் இல்லை என்று எழுதப்பட்ட ஆல்பத்தின் கடைசி நான்கு நிமிடங்களில் இருந்த பாட்டு இது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமலேயே அந்தக் காணொளி எடுக்கப்பட்டது.