‘துணிந்து பாவம் செய்’ என்று லூத்தர் போதித்தாரா?

“விசுவாசம் இருந்தால் போதும், எப்படியும் வாழலாம், மார்ட்டின் லூத்தரே துணிந்து பாவம் செய்யச் சொன்னார்” என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்ததால் வந்த தவறு.

அந்தச் சொற்கள், 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருடையவைதான். 1521 ஆகஸ்ட் 1 அன்று, வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது நண்பர் மெலாங்க்தனுக்கு எழுதிய கடிதத்தில் வருகின்றன. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. அதைவிடத் துணிவாகக் கிறிஸ்துவை விசுவாசித்து, அவரில் மகிழ்ந்திரு என்று தொடர்கிறது. மெலாங்க்தன் எதைச் செய்தாலும் பாவமாகிவிடுமோ என்று தயங்குகிறவர். கற்பனைப் பாவிகளைக் கடவுள் இரட்சிப்பதில்லை, நீ உண்மையான பாவி என்று ஒப்புக்கொண்டு உண்மையான கிருபையைப் பற்றிக்கொள் என்பதே லூத்தர் அவருக்குச் சொன்ன ஆறுதல். ஒரே நாளில் ஆயிரம் முறை கொலை செய்தாலும் பாவம் நம்மைக் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்காது என்றுகூட அதில் எழுதுகிறார். மிகைதான், மறைக்க வேண்டியதில்லை. கிருபையின் அளவைக் காட்டவே அப்படிச் சொன்னார்.

பாவத்தில் வாழலாம் என்று லூத்தர் நினைக்கவில்லை என்பதை அவருடைய மற்ற எழுத்துகளும் காட்டுகின்றன. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. பைபிளில் உள்ள, பவுல் எழுதிய ரோமர் நிருபத்துக்கு 1522இல் எழுதிய முன்னுரையில், விசுவாசம் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்கிறார்.

அந்த நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுலும் இதே கேள்வியை எழுப்புகிறார்: “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே.”